ஆயுசுக்கும் இலவசம்

கடைசி போல்ட் இறங்க மறுத்தது.

டிஷ்காரர் இரும்புக் குழாயை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பானரை மறுபடியும் திருப்பினார். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. மொட்டை மாடியில் அவர் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி தானே எழுந்து நடந்து, தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. கடல் பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. சாட்டிலைட் இருக்கிற, அவருக்கு வேண்டிய திசையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி. அதையும் கருமேகம் மூடிவிட்டால் முடிந்தது. டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

"என்ன தம்பி, ஊரே கழட்டுது. நீ மட்டும் மாட்டுறே?"

பக்கத்து மாடியிலிருந்து குரல். ரிட்டயர்டு பஸ் டிரைவர். தன் டிஷ்ஷைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டிருந்தார். கையில் சின்னதாக ஒரு சிவப்பு பாட்டில்.

"அது என்ன சார், பெயின்ட்டா?"

"மருமக நெயில் பாலிஷ். குழாய்ல ஒரு கோடு, டிஷ்ல ஒரு கோடு. புயல் போனதும் ரெண்டு கோட்டையும் சேத்து மாட்டினா படம் வந்துடும். உங்க ஆபீசுக்கு போன் பண்ணி, ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துன்னு சொல்லச் சொல்ல அழுத்திக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம் பாரு."

"எங்க பொழப்புல மண்ணு."

"உங்க பொழப்புக்குத்தானய்யா கேபிளை விட்டேன்! கேபிள்னா எவன் வீட்டு மரம் விழுந்தாலும் என் வீட்டுப் படம் போயிடுது. டிஷ்னா என்னோடது விழுந்தாதான் போகும். அது ஒரு நிம்மதி."

"மழை வலுத்தா நின்னுடுமே சார்?"

"நிக்கும். மழை விட்டா தானா வந்துடும். கேபிள் அப்படியா? அந்தப் பய எப்ப வருவான்னு தெருமுனையைப் பாத்துக்கிட்டே நிக்கணும்." டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா மழை பேயுறப்பதானே புயல் எங்க இருக்குன்னு பாக்கணும்? அந்த நேரம் பாத்து ரெண்டுமே நம்மளை விட்டுட்டுப் போயிடுது. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடலை."

அவரே சிரித்துக்கொண்டு டிஷ்ஷைத் தலைமேல் தூக்கினார். காற்று அதை வாங்கப் பார்த்தது. தள்ளாடியபடி படியிறங்கிப் போய்விட்டார்.

போல்ட் ஒரு வழியாக இறங்கியது.

டிஷ்காரருக்குச் சிரிக்க நேரமில்லை. சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். "மதியத்தோட எல்லா வேலையும் ஸ்டாப். கையில இருக்கிறதை முடிச்சிட்டு வா. முடிக்காம டிஷ் செட்டைத் திருப்பிக் கொண்டு வந்தேன்னு வெச்சுக்க, ஐடி கார்டையும் சேத்துக் கொண்டு வந்துடு." போன மழையில் டிஷ்காரர் ஒரு செட்டைத் திருப்பிக் கொண்டுபோனார். அதற்கு முந்தைய மழையிலும். இரண்டு தடவையும் வானம்தான் காரணம். ஆனால் கம்பெனிக் கணக்கில் வானத்துக்கு இடமில்லை; ஆளுக்குத்தான் இடம். கார்டு போனால் இந்த வேலை கிடையாது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

ஒயரைச் சுவரோடு இழுத்துக்கொண்டு கீழே வந்தார். மொட்டை மாடிக்கு நேர் கீழே, முதல் மாடியில் தெருவைப் பார்த்த ஒற்றை அறை. தெருவின் கடைசி வீடு இதுதான். அதற்கப்புறம் புதரும் மணலும்.

அறையில் இருந்த அக்கா ஏற்கெனவே டிவியை மேசை விளிம்புக்கு நகர்த்தி, மேலே கிடந்த துணியை மடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துணியை நாலு மூலையும் சேர்த்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு நீவு நீவி மடிக்கிற பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அறையில் எல்லாமே மடித்தே இருந்தன. போர்வை, பாய், பழைய செய்தித்தாள், கடைப்பை எல்லாம். ஒரு நாற்காலி. ஒரு தட்டு. ஒரு டம்ளர், கவிழ்த்தபடி.

டிவி மட்டும் மூன்று நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குப் பெரிது. பழசு. பின்பக்கம் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. யாரும் அதை ஆன் பண்ணி வருஷக்கணக்கு ஆகியிருக்கும் என்று டிஷ்காரர் நினைத்தார். சுவிட்சைப் போட்டார். ஆச்சரியம், வேலை செய்தது.

"புயல் தாண்டட்டும்னு தள்ளிப் போட்டிருக்கலாமேக்கா. எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க. இன்னைக்கு எழுதியிருந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் வேணும்னு நின்னீங்க."

"இன்னைக்குத்தான் வேணும்."

"கரண்டையே நிறுத்திடுவாங்களே. அப்புறம் எதைப் பாப்பீங்க?"

"நிறுத்துற வரைக்கும் பேசிக்கிட்டிருக்கும்ல?" அக்கா ஜன்னல் கொக்கியை அழுத்திப் பார்த்தாள். "காத்து இந்தக் கதவுல வந்து மோதும் தம்பி. மோதிட்டு ஒரு சத்தம் போடும். யாரோ கூப்பிடுற மாதிரி. ரெண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் தொறந்து பாத்துட்டேன். வீட்டுக்குள்ள ஒரு பேச்சுக்குரல் இருந்தா அது கேக்காது."

டிஷ்காரர் ஒயர் முனையைச் சீவ ஆரம்பித்தார். இந்த அக்கா கொஞ்சம் வேறு மாதிரி என்று முதல் நாளே அவருக்குத் தோன்றியது. டிஷ் எழுதிக்கொள்ள வந்தபோது மற்ற வீட்டில் எல்லோரும் எத்தனை சேனல், சீரியல் எதில் வரும், கிரிக்கெட் உண்டா என்றுதான் கேட்டார்கள். இவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது கெட்டுப்போச்சுன்னா கம்பத்துல ஆள் ஏறணுமா?"

"கம்பமா? கம்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. உங்க மாடியோட சரி."

"அப்ப எழுதிக்க."

அவ்வளவுதான். விலைகூடக் கேட்கவில்லை.

வெளியே ஏணி உரசும் சத்தம். அக்கா சட்டென்று ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியையும் போட்டாள்.

டிஷ்காரர் மிச்ச ஒயரை எடுக்கத் தெரு வாசலுக்கு இறங்கி வந்தபோது, வீட்டுக்கு நேர் எதிரே இருந்த மின்கம்பத்தில் கேபிள்காரன் மூங்கில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயசுக்காரன். தோளில் பிளாஸ்டிக் பை, இடுப்பில் கட்டிங் பிளேயர். புயல் அறிவித்துவிட்டால் கம்பத்தில் கட்டியிருக்கும், சிக்னலைக் கூட்டுகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒயர் போனால் போகட்டும், பெட்டி நனையக்கூடாது என்பது கேபிள் ஆபீஸ் சட்டம்.

"வாங்க குடைக்காரரே!" என்றான் அவன். டிஷ்ஷை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "புயல்ல குடை விக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"நீ மட்டும் என்ன, புயல் வருதுன்னதும் எல்லார் வீட்டுப் படத்தையும் பிடுங்கிக்கிட்டு ஓடுறே. உன் மொதலாளிக்கு ஒண்ணு சொல்லு. நீங்க இப்படியே கழட்டிக்கிட்டிருந்தா எங்களுக்கு விளம்பரமே வேண்டாம்."

"சொல்லிப் பாத்தேனே. அவரு என்னையே கழட்டிடுவாரு." இளைஞன் ஏணியை ஆட்டிப் பார்த்தான். பிறகுதான் மாடியைப் பார்த்தான். "அண்ணே, எந்த வீட்டுக்கு மாட்டுறே? அந்தக்கா வீட்டுக்கா?"

"ஆமா."

"அவங்களுக்கு எதுக்கு? எங்க லைன்ல அவங்களுக்குக் காசே கிடையாதே. ஆயுசுக்கும் இலவசம். செட்டாப் பெட்டியோட குடுத்திருக்கு."

"ஏன், உன் மொதலாளிக்கு என்ன உறவா?"

"உறவு இல்லண்ணே. அந்தக்கா வீட்டுக்காரர் எங்க ஆபீஸ்லதான் லைன்ல இருந்தாராம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி. ஒரு புயல் முடிஞ்சு, தன் வீட்டுக்குப் படம் வரலைன்னு அவசரப்பட்டு இதே கம்பத்துல ஏறியிருக்காரு. கரண்டு அடிச்சிடுச்சு. வேலை நேரம் இல்லை, சொந்த வேலை. சட்டப்படி ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மொதலாளி பாவம் பாத்து, ஆயுசுக்கும் கனெக்‌ஷன் இலவசம்னுட்டாரு. எங்களுக்கெல்லாம் பாடமாவே சொல்லுவாரு. 'சொந்த வேலைக்குக் கம்பத்துல ஏறாதீங்கடா, அந்தாளு கதையைப் பாருங்க'ன்னு."

டிஷ்காரர் திரும்பி, சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். கம்பத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பழைய கேபிள் ஒயர் தொய்ந்து தொங்கியது. அதன் முனை ஜன்னல் சட்டத்துக்கு வெளியிலேயே வெட்டப்பட்டிருந்தது.

ஒரு சொட்டு மழை அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"பொறவு பேசுவோம்டா" என்று மாடிக்கு ஓடினார்.

சிக்னல் பார்க்கிற மீட்டர் ஏரியாவுக்கு ஒன்று. இன்று அது இன்னொரு ஆளின் பையில் இருந்தது. மீட்டர் இல்லையென்றால் மாடியில் ஒருவர் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். கீழே ஒருவர் டிவி முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் அவருடைய போன் ஆபீஸ் லைனில் காத்துக்கொண்டிருந்தது. கனெக்‌ஷனைத் திறந்து எல்லாச் சேனலையும் விடுகிற பெண் 'காத்திருங்கள், காத்திருங்கள்' என்றபடி இருந்தாள். வைத்துவிட்டால் வரிசையில் மறுபடி கடைசி.

அவர் பாதிப் படியில் நின்று குனிந்து ஜன்னலைத் தட்டினார்.

"அக்கா, இதைத் தொறந்து வெச்சாதான் உங்க குரல் மேல கேக்கும்."

கொக்கி விலக நேரமானது. ஜன்னல் திறந்தது. அக்கா வெளியே பார்க்காமல் டிவி பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"திரையில ரெண்டு கோடு தெரியுதா? இப்ப சிவப்பா இருக்கும். சிக்னல் கிடைச்சா பச்சை ஆகி, படம் வந்துடும். வந்த செகண்டு குரல் குடுங்க. நூல் அளவு தள்ளிட்டாலும் போயிடும். நான் கேக்கக் கேக்கப் பதில் சொல்லுங்க."

"சரி தம்பி."

மாடியில் டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்தார். மெல்ல, பச்சைக் குழந்தையின் தலையைத் திருப்புவது போலத் திருப்பினார்.

"வருதா?"

"வரலை!"

நல்ல குரல். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி உரமேறிய குரல். டிஷ்காரருக்குத் தெம்பு வந்தது.

"இப்ப?"

"வரலை!"

"இப்பக்கா?"

"வரலை."

"இப்ப?"

பதில் இல்லை.

"அக்கா! இப்ப?"

காற்றுதான் இரைந்தது. கேட்டிருக்காது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இப்ப வருதா?"

"வரலை!"

சுற்றி முடித்துவிட்டார். ஒன்றுமில்லை. டிஷ்ஷின் சாய்வைக் கொஞ்சம் மேலே தூக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வரலை. வரலை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மௌனம். அப்புறம் மறுபடி, வரலை.

ஒயரில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். முனையை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, பல்லால் கடித்து இறுக்கினார். வெளிச்சத் துண்டு பாதியாகிவிட்டது. மேகத்தின் கீழ் விளிம்பு, மேலே வீசிய புகை மாதிரி வேகமாக நகர்ந்து வந்தது. கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு காற்றில் எழும்பி அவர் கன்னத்தில் அறைந்தது. அதைப் பிடித்துச் சட்டைக்குள் திணித்தார்.

மூன்றாவது சுற்று. வரலை. வரலை. மௌனம்.

"அக்கா, இருக்கீங்களா இல்லையா? வாயைத் தொறந்து சொல்லுங்கக்கா!"

மௌனம். திருப்பினார்.

"வரலை!"

டிஷ்காரர் ஸ்பானரைத் தரையில் எறிந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரப் போனார்.

"அண்ணே! என்னண்ணே நீ!"

கம்பத்திலிருந்து குரல். கேபிள்காரன் ஏணியின் உச்சியில், கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு நின்றான்.

"வந்துச்சே! வந்து வந்து விட்டுட்டியே! படமே ஓடுச்சு. கோட்டு சூட்டு போட்ட ஆள் ஒருத்தன் புயலைக் கையால சுத்திச் சுத்திக் காட்டினான். நீ அவனையும் சேத்துத் திருப்பிட்டே!"

"விளையாடாதடா! நீ எதிர்க்கட்சி!"

"நான் எதுக்கு விளையாடுறேன்? ஜன்னல் எனக்கு நேரா இருக்கு. டிவி பளிச்சுன்னு தெரியுது. அக்கா அதுக்கு முன்னாடிதான் நிக்கிறாங்க, கண்ணைக் கூட சிமிட்டாம."

டிஷ்காரருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. தாவிப் போய் டிஷ்ஷைப் பிடித்தார்.

"அப்ப நீ சொல்றா! திருப்புறேன். பாத்துச் சொல்லு!"

"எதிரிக்கு வேலை பாத்தேன்னு மொதலாளிகிட்ட போட்டுக் குடுத்துடாதே. திருப்பு. மெல்ல... இன்னும்... இன்னும் கொஞ்சம்... பொறு, பொறு... ஆங்! வந்துடுச்சு! வந்துடுச்சுண்ணே! பிடி, அப்படியே பிடி! வந்துடுச்சு!"

டிஷ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். ஒரு முறுக்கு. இன்னொன்று. கீழே அறையிலிருந்து ஓர் ஆண்குரல் கணீரென்று கிளம்பியது. கரையோரப் பகுதிகளில், பலத்த காற்று, யாரும் வெளியில் வர வேண்டாம். சட்டைப்பையில் ஸ்பீக்கரில் கிடந்த போனில் அந்தப் பெண் முதல்முறையாக மனுஷி மாதிரி பேசினாள். "உங்கள் இணைப்பு திறக்கப்பட்டுவிட்டது."

சிரிப்பு வந்தது அவருக்கு. வாய் திறப்பதற்குள் தெருவில் அலறல்.

"எறங்கு! கையை எடு! எறங்குடா கீழ!"

எட்டிப் பார்த்தார். அக்கா செருப்பில்லாமல் தெருவில் நின்றாள். படிக்கட்டில் எப்போது இறங்கினாள், எப்போது ஓடினாள் என்று தெரியவில்லை. ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

கேபிள்காரன் பயந்துபோய்ச் சறுக்கிக்கொண்டே இறங்கினான். உள்ளங்கையில் மூங்கில் சிராய் ஏறியிருந்தது. டிஷ்காரர் படிகளைத் தாண்டித் தாண்டிக் கீழே வந்து சேர்ந்தபோது அவன் கையை உதறிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா? பாம்பு கீம்பு ஏதாவது பாத்தீங்களா?"

"கரண்டு வந்துடுச்சு" என்றாள் அக்கா.

"கரண்டு போனாத்தானக்கா வர்றதுக்கு? காலைலருந்து இருக்கே. டிவி ஓடுதுல்ல உங்க வீட்டுல."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் முகத்தை, பிறகு அவன் கையை, விரல் விரலாக. "இருக்கா? இருக்கிறப்பவா ஏறினே?"

"அது... எங்க பெட்டி கீழதானே கட்டியிருக்கு? கரண்டு கம்பி அதுக்கு மேல. கை எட்டாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. பாத்து ஏறுடான்னுதான் அனுப்பினாரு." இளைஞன் குரல் இறங்கியது. "எனக்கு ஒண்ணும் ஆகலைக்கா. பாருங்க."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான். முதலாளியின் குரல் வெளியே நின்ற மூன்று பேருக்கும் கேட்டது. மழைக்கு முன்னாடி பெட்டி வரணும், அந்தக் கடைசிக் கம்பத்துல என்னடா பண்ணிக்கிட்டிருக்கே, தூங்குறியா, பெட்டி நனைஞ்சா உன் தலையில கட்டிடுவேன்.

"இதோ சார். ஒரு ஸ்க்ரூதான் சார். ஆச்சு சார்."

போனை வைத்தான். அக்காவையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, விடுங்கக்கா. நான் போகணும்."

"போ."

"நீங்க பிடிச்சிருக்கீங்களே."

"பிடிச்சுக்கிறேன். ஏறு. வலது கையை மட்டும் நீட்டு. தலைக்கு மேல கை போகக்கூடாது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் தொடாதே."

அவன் ஏறினான். அக்கா ஏணியின் காலை மார்போடு அணைத்துக்கொண்டாள். மழை சீராக விழ ஆரம்பித்தது. முகத்தில் விழுந்ததைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. டிஷ்காரரும் ஏணியின் மறுகாலைப் பிடித்தார். மேலே, திறந்த ஜன்னலுக்குள் அந்த ஆண்குரல் யாருமில்லாத அறைக்குப் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது.

டிஷ்காரருக்கு மனசு ஆறவில்லை.

"ஏன்க்கா, மேல நான் உயிரை விட்டுக்கிட்டிருந்தேன். வரலை, வரலைன்னு வாய் நிறையச் சொன்னீங்க. வந்தப்ப மட்டும் சும்மா நின்னுட்டீங்க. வந்துடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. அதுக்கு மேல வரலை."

அவள் கண் ஏணியின் உச்சியில் இருந்தது. பேசியது அவரிடம்தான், பார்த்தது அந்த இளைஞனின் கையை.

"அந்தப் புயல் முடிஞ்ச மறுநாள். தெருவே இருட்டு. இவனோட மொதலாளி விடிஞ்சதும் வாசல்ல வந்து நின்னாரு. 'டிஷ்காரங்க வீடு வீடா ஏறி இறங்குறாங்க. மின்சார ஆபீஸ்ல பேசிட்டேன். சாயங்காலம் வரைக்கும் லைன்ல கரண்டு விட மாட்டாங்க. அதுக்குள்ள எல்லாக் கம்பத்தையும் கட்டிடு'ன்னாரு. எங்க வீட்டுக்காரர் காலைக் காப்பி கூடக் குடிக்கலை. ஒவ்வொரு கம்பமா முடிச்சுக்கிட்டு வந்தாரு. இந்த லைனுக்குக் கடைசி வீடு எங்களோடது. கடைசி வீட்டுல படம் வந்தா தெரு பூரா வந்த மாதிரின்னு அவங்க கணக்கு. அதனால எப்பவும் நான்தான் பாத்துக் குரல் குடுக்கிறது. அதுவும் ஆபீஸ் வேலைதான், எனக்குச் சம்பளம் இல்லாத வேலை. 'டிவி சுவிட்சைப் போட்டு வை. சாயங்காலம் கரண்டு வந்ததும் பாத்துச் சொல்லு'ன்னுட்டு ஏறினாரு."

மேலே இளைஞனின் ஸ்க்ரூ டிரைவர் நின்றுவிட்டது.

"நான் சுவர்ல ஒழுகின தண்ணியைத் தொடச்சுக்கிட்டிருந்தேன். பின்னாடி பளிச்சுன்னு வெளிச்சம். பாட்டும் படமுமா ஓடுது. கரண்டு வந்தாத்தானே டிவி வரும்னு எனக்குத் தோணலை தம்பி. அவர் கட்டினது சரியா இருக்கு, படம் வந்துடுச்சுன்னுதான் தோணுச்சு. ஜன்னல்ல வந்து கத்தினேன். வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு. கை தட்டிக்கிட்டே கத்தினேன். தெருவே கேட்டுச்சு."

டிஷ்காரர் ஏணியைப் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினார்.

"அப்ப அந்தாளு மின்சார ஆபீஸ்ல பேசினது?"

"பேசவே இல்லை. பேசினா, எங்க கம்பத்துல உன் ஒயரை யாரைக் கேட்டுக் கட்டினேன்னு கேப்பாங்களே. அவர் பாட்டுக்கு அனுப்பிட்டாரு. அவங்க பாட்டுக்கு லைனை விட்டுட்டாங்க."

"இதைச் சொல்லலையாக்கா நீங்க? விசாரிக்க வந்தாங்கள்ல?"

"சொன்னேன். 'வேலைன்னு யார் அனுப்பினது? சொந்த வீட்டுக்குப் படம் வரலைன்னு அவனா ஏறினான்'னாரு மொதலாளி. அவர் அனுப்பினதுக்கு என்கிட்ட சாட்சி இல்லை. அவர் பக்கம் சாட்சி இருந்துச்சு."

"யாரு?"

மேலே, சட்டைப்பைக்குள் போன் மறுபடி அடித்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றவன் அதை எடுக்கவில்லை. கீழே குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை அவன் முகவாயிலிருந்து சொட்டி அவள் நெற்றியில் விழுந்தது.

"நான்தான்" என்றாள் அக்கா. "அந்த நேரத்துல அந்த வீட்டுலருந்து, படம் வந்துடுச்சுன்னு பொம்பளைக் குரல் சந்தோஷமாக் கத்தினதைக் கேட்டோம்னு தெருவுல எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. கேட்டதைத்தானே சொன்னாங்க. குரல் என்னோடதுதானே."